திராட்சையில் புழுவா? மருந்துக்கு முன் குளவியைத் தேடுங்கள்

தென்கிழக்கு ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெரிய தொல்லை, வெளிர்பழுப்பு ஆப்பிள் அந்துப்பூச்சி. இதன் புழு இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும். அப்புறம் குலைக்குள் புகுந்து பழத்தோலைக் கடிக்கும். கடித்த இடத்தில் சாம்பல் பூஞ்சை அழுகல் பிடிப்பதுதான் பெரிய நஷ்டம்.

இதற்கு அந்த மண்ணிலேயே எதிரி உண்டு. டோலிகோஜெனிடியா டாஸ்மானிக்கா என்ற சின்னக் குளவி இளம்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். சுருண்ட இலைகளைப் பிரித்துப் பாருங்கள். புழுவுக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் பல பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்தை அடிப்பது, உதவிக்கு வந்தவரையே விரட்டுவது. கட்டாயம் தெளிக்க வேண்டுமென்றால் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து போதும். அது புழுவை மட்டும் தாக்கும், குளவியை விட்டுவிடும்.

நம்மூர் கரும்பு விவசாயிகள் அட்டையில் வாங்கிக் கட்டும் டிரைக்கோகிரம்மா என்ற குளவி இனத்திலும் அங்கே ஓர் உள்ளூர் வகை இருக்கிறது. அது அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிடும். அப்படிப்பட்ட முட்டைகள் கறுத்துவிடும். கந்தகத் தெளிப்பு இந்தக் குளவிக்கு ஆகாது. ஆகவே குளவி விடும் நாளையும் கந்தகம் அடிக்கும் நாளையும் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். பட்டினியில் அது சீக்கிரம் செத்துப்போகும். வரிசைகளுக்கு நடுவே வெள்ளை அலிசம் பூச்செடி விதைத்தால், அதன் தேனைக் குடித்துக் கூடுதல் நாள் வாழ்ந்து கூடுதல் முட்டையிடும்.