ரெண்டு பெப்டைடு சேர்க்க நாலு கூண்டு வேண்டும்

லீவுக்கு சுங்கை சிப்புட் வந்தால் ஜிம் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. நான் ஆய்வுக்கூடத்து உதவியாள், எலிக்கூண்டு கழுவுவதும் என் வேலைதான், ஆனால் பையன்களுக்கு நான் டாக்டர். "அண்ணே, சிஜேசியும் பிபிசியும் சேர்த்துப் போட்டா உடம்பும் ஏறும், காயமும் ஆறுமாமே?" இரண்டும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி: சிஜேசி-1295 வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுவது, பிபிசி-157 காயம் ஆற்றும் என்று விற்பது. சரி, ஆய்வில் எப்படிச் சேர்க்கிறோம் என்று எழுதுகிறேன். உங்கள் வயிற்றில் குத்திக்கொள்ள இல்லை.

முதலில் குப்பிக்குள் இருப்பது என்ன என்று பாருங்கள். உதாரணத்துக்கு, காயத்துக்கென்று விற்கும் இன்னொரு பெப்டைடான டிபி-500 என்ற பெயரில் 7 அமினோ அமிலத் துண்டும் வரும், 43 கொண்ட முழு தைமோசின் பீட்டா-4ம் வரும். மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் 889 பக்கம் வந்தால் துண்டு, 4963 பக்கம் வந்தால் முழுசு. கூட வரும் தாளில் 99 சதவீதத் தூய்மை என்று போட்டிருந்தாலும் கிருமி இல்லை என்று அர்த்தமாகாது, எண்டோடாக்சின் எனும் பாக்டீரியா நஞ்சுக்கான சோதனையும் தனி.

அப்புறம் கூண்டு. விலங்கு ஆய்வுக்கான அனுமதி கையில் வந்தபின் எலிகளை நாலு கூட்டமாகப் பிரித்து வையுங்கள்: வெறும் கரைசல், முதல் மருந்து மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும். நாலாவதை மட்டும் செய்துவிட்டு "சேர்த்தால் வேலை செய்கிறது" என்பவர்கள்தான் அதிகம். ஒரே வாரத்தில் உரமும் போட்டு மழையும் பெய்தால் செம்பனை ஓலை எதனால் பச்சை கட்டியது என்று தோட்டத்து மேஸ்திரியான மண்டோராலேயே சொல்ல முடியாது. காயம் எவ்வளவு ஆறியது என்று தசைநாரை இழுத்து அளப்பவருக்கு எது எந்தக் கூண்டு என்று தெரியவும் கூடாது. நான் கலர் டேப் ஒட்டிவிட்டுப் பட்டியலைப் பூட்டி வைப்பேன்.

நேரம்தான் நிறைய பேரை ஏமாற்றுவது. டிஏசி (மருந்தை ரத்தத்தில் நெடுநேரம் தங்கவைக்கும் ஒட்டு) சேர்ந்த சிஜேசி-1295 மனிதர் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 6 முதல் 8 நாள், வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் இன்னொரு பெப்டைடான இபமோரெலினுக்கோ சுமார் 2 மணி நேரம். இரண்டும் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரியைத்தான் தட்டுகின்றன, தட்டும் கதவு (ஏற்பி) வேறு. டிஏசி சேர்ந்த சிஜேசியை நிறுத்திய மூன்றாம் நாள் அடுத்ததைத் தொடங்கினால் அளப்பது இரண்டையும் சேர்த்துத்தான்.

ஒரே குப்பியில் கலக்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்கவும் கூடாது. ஒருமுறை நான் அவசரப்பட்டுத் திறந்தேன், நம் ஊர் ஈரக்காற்றில் தூள் நனைந்த சீனி மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, எடை தப்பி ஒரு வாரக் கணக்கு குப்பைக்குப் போனது. தண்ணீரைக் குப்பியின் சுவரோரமாக இறக்கி மெல்லச் சுழற்றினால் போதும், குலுக்க வேண்டாம்.

மனிதர் மீது? பிபிசி-157க்குக் கையில் இருப்பது பெரும்பாலும் எலிக் கணக்குதான். 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, மேலே சொன்ன மற்றவையும் தடைதான், சுக்மா விளையாட்டுப் போட்டிக்கு ஓடுகிற பையன்கள் கவனிக்கவும்.

போன வாரம் தெருப்பையன் ஒருவன் 180 வெள்ளிக்கு வாங்கிய குப்பியை, ஐஸ் மைலோ கட்டிய பையிலேயே போட்டுக் கொண்டுவந்து காட்டினான். ஆய்வுக்கு மட்டும் என்று லேபிள், மலேசியாவில் பதிவான மருந்துக்கு இருக்கும் எம்ஏஎல் எண் எங்கேயும் இல்லை. "அப்ப உங்க எலிக்கே கொடுத்துடவாண்ணே?" என்றான். எங்கள் எலிக்கும் வேண்டாம் என்றேன், என்னவென்று தெரியாத தூளை நாங்கள் கூண்டுக்குள் விடுவதில்லை.