பழைய பிஎம்டபிள்யூ வாங்கியவர்கள் பணத்தைக் கரைக்கும் இடங்கள்

புதிதாக 40 லட்சம் அளவில் விற்ற கார், 14, 15 வயதானதும் ஒரு சின்ன ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் விலை இறங்கவில்லை. வாங்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாங்குகிறார்கள், ஆசை அப்படி. எனக்கும் அப்படித்தான் வந்தது, அதனால் யாரையும் வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். ஆனால் புதிதாக வாங்கியவர்கள் போன் செய்து புலம்பும்போதெல்லாம் அதே நாலைந்து விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவை.

ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், சர்வீஸ் ரெக்கார்டைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

“இங்கேயேதானே செய்கிறார்கள்”

செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. 3 சீரிஸ், 5 சீரிஸ் எல்லாம் அங்கே பூட்டப்பட்டவைதான். அதனால் ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும் என்று சென்னைக்காரர்கள் நம்புகிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களாக வருவதைப் பூட்டும் வேலை. பழைய மாடலின் வாட்டர் பம்ப்போ வால்வ் கவரோ வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வாரம் வண்டி நின்றால் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். வீட்டில் வேறு வண்டி இல்லை, தினமும் ஆபீஸ் போக இதுதான் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஸ்கேனர் சொன்ன பார்ட்டை மாற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். பி0171, பி0174 என்று இரண்டு எரர் கோட் வருகிறது. கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஸ்கேனர் திரையில் பக்கத்திலேயே, கலவையை அளந்து சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரின் பெயரும் இருக்கும். உடனே, “சார், ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு.”

வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் 2010 மாடல் 5 சீரிஸ் பெட்ரோலுக்கு இதுதான் நடந்தது. முதலில் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் மாற்றினார்கள். எரர் கோடை அழித்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் லைட் மறுபடியும் வந்தது. அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார். மறுபடியும் லைட். ஃப்யூயல் பம்ப்பைப் பார்க்கலாம் என்றார்கள், அதுவும் மாறியது. கடைசியில் “ஈசியூதான் சார் பிரச்சினை” என்று எஞ்சினின் கம்ப்யூட்டரையே கைகாட்டியபோதுதான் தம்பி எனக்குப் போன் செய்தார். அதற்குள் லேபரோடு சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது. எலக்ட்ரிக்கல் பார்ட்டைப் பெட்டியிலிருந்து பிரித்துவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. எல்லாம் அவர் வண்டியிலேயே தங்கிவிட்டது. கழற்றிய நல்ல சென்சார்கள் எங்கே போயின என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

எரர் கோடைக் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் போதும். அந்த 6 சிலிண்டர் எஞ்சினில் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பேங்க். 0171 ஒரு பேங்குக்கு, 0174 இன்னொன்றுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. இரண்டு சென்சார் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு சாகுமா? இரண்டு பேங்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவனையே கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்து அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒன்று இருக்கிறது. அதில் ஃப்யூயல் ட்ரிம்மைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு அது. ஐட்லிங்கில் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ஏறக்குறைய இயல்புக்கு இறங்குகிறதென்றால், எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அது கரைந்துவிடும். நேர்மாறாக, எஞ்சின் பளு இழுக்கும்போதுதான் கூடுகிறதென்றால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போகலாம். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் கலந்திருப்பதால், இ10-ஐவிட நான்கைந்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால்தான் கலவை சரியாகும். பழைய எஞ்சினில் ட்ரிம் அந்த அளவுக்கு ஏறி நின்றால் அது கோளாறு இல்லை. அதைப் பார்த்து எதையும் கழற்ற வேண்டாம்.

தம்பியின் வண்டிக்கு வருவோம். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறக்க முடியவில்லை. உள்ளே அவ்வளவு இழுவை. மூடி லேசாக இழுத்துப் பிடிப்பது வழக்கம், இப்படி மல்லுக்கட்ட வைப்பது வழக்கமில்லை. அப்புறம் காதைக் கொடுத்தால் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவர் பக்கம் மெல்லிய விசில் சத்தம். அந்தக் கவரிலேயே எஞ்சினின் ஆவியை உறிஞ்சி எடுக்கும் வால்வ் ஒன்று, வட்ட மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் ஊசித் துளை போல ஒரு ஓட்டை. அதை விரலால் அடைத்தேன். விசில் நின்றது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்து, அந்தத் துளை வழியாகக் காற்று நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. கம்பெனி கணக்கில் அந்தச் சவ்வு தனியாகக் கிடையாது, வால்வ் கவரையே மாற்ற வேண்டும். வெளிச்சந்தையில் சவ்வு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் விலைக்கு அது ஒன்றுமே இல்லை.

இப்படிப்பட்ட கசிவு விரலுக்கும் காதுக்கும் சிக்காத இடத்தில் இருந்தால் புகைச் சோதனை செய்யலாம். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் (இன்டேக்) புகையை ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும். ஸ்மோக் மெஷின் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கோடோடு வண்டியை விடாதீர்கள். விடுவதாக இருந்தாலும் முதலில் எல்லா எரர் கோடையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க விடாதீர்கள். கோட் விழுந்த நேரத்தில் ஆர்பிஎம் என்ன, சூடு என்ன என்பதையும் வண்டி பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். “இந்தப் பார்ட்தான் என்று எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். “ஸ்கேனரில் வந்தது” என்பது மட்டுமே பதிலாக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று: சம்பந்தமே இல்லாத பத்துப் பதினைந்து கோட் ஒன்றாக வந்தால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் சரிந்தால் இந்த வண்டிகளில் ஒவ்வொரு மாட்யூலும், அதாவது வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னக் கம்ப்யூட்டரும், தன் பங்குக்கு ஒரு புகார் எழுதிவைக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் அப்படி வருகிறதென்றால் கார்ப்பெட்டைத் தூக்கிக் கனெக்டர்களைப் பாருங்கள். அவற்றின் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்த வண்டி 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்திலோ எங்கே நின்றிருந்தது என்று விற்றவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

பேட்டரியை மாற்றிவிட்டு அப்படியே ஓட்டுவது

பேட்டரி டிக்கியில் இருக்கும். மாற்றியதும் புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது என்று வண்டிக்கு ஸ்கேனர் வழியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்த மாதிரியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும், புதியது சீக்கிரமே படுத்துவிடும். ஏஜிஎம் வகைப் பேட்டரி இருந்த இடத்தில் சாதாரணப் பேட்டரியை வைத்துவிட்டு மறந்துவிடுவதும் இதே கதைதான்.

சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் “வீடு வரை போயிடலாம்”

இந்த 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். டேஷ்போர்டில் கூலன்ட் சூட்டுக்கு முள்ளும் கிடையாது, எச்சரிக்கை வரும்போதே சூடு ஏறியிருக்கும். சிவப்பு வந்தால் ஜிஎஸ்டி ரோடாக இருந்தாலும் ஓரங்கட்டி அணைத்துவிட்டு வண்டியை ஏற்றிப்போகும் ட்ரக்கைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது.

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி, பம்ப் மாற்றிய பில் இல்லை என்றால், கேட்காமலே மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து. கூடவே போல்ட்டுகளையும் புதிதாக வாங்குங்கள். எஞ்சின் பிளாக்கின் வெளிப்பகுதி மெக்னீசியம், அதில் இரும்பு போல்ட் போட்டால் அரித்துவிடும் என்பதால் அலுமினிய போல்ட் கொடுத்திருக்கிறார்கள். அவை ஒரு தடவை முறுக்கத்தான். பழையதையே முறுக்கினால் தலை தனியாகக் கையில் வரும்.

கூலன்டுக்கு போர் தண்ணீர்

ஊற்றாதீர்கள்.

கியர்பாக்ஸ் ஆயில்

மாற்றவே தேவையில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் கியர்பாக்ஸ் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். அதற்கென்று உள்ள ஆயில்தான் வேண்டும். இறக்கிய அளவையே திரும்ப ஊற்றுவதும் போதாது. எஞ்சின் ஓட, கியர்களை மாற்றிப் பார்த்து, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது லெவல் பிடிக்க வேண்டும். ஃபில்டர் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஆயில் தொட்டியோடு சேர்ந்தே வருகிறது, அதையும் மாற்ற வேண்டும்.

எஞ்சின் வாஷ்

வேண்டவே வேண்டாம்.

மரத்தடியில் சன்ரூஃப்

சன்ரூஃப் மூலைகளில் தண்ணீர் வடியச் சின்னக் குழாய்கள் இருக்கும். வேப்பம்பூவும் புங்கம் சருகும் அவற்றை அடைத்தால் மழைத் தண்ணீர் கூரை வழியாக இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். அங்கே வயரும் மாட்யூலும் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, காருக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள். வடியவில்லை என்றால் காற்றழுத்தத்தில் அடிக்காதீர்கள், குழாய் உள்ளேயே கழன்றுவிடும். மெல்லிய நைலான் நரம்பை உள்ளே விட்டு எடுங்கள்.

ஆர்சி

2010, 2011 வண்டிகளுக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்சியைப் புதுப்பிக்க எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, காட்ட வேண்டும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. ஒரு லட்சம் செலவு செய்து சஸ்பென்ஷனை எல்லாம் மாற்றிய பிறகு ஆர்சியைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் தேதியைப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.