இயந்திரத்துக்குப் பரிவைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதரோடு பழகிப் பழகியே பரிவைக் கற்றுக்கொள்ளும் உரையாடல் இயந்திரங்களை உருவாக்கும் பணிக்குப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் பட்டுத் தெளிந்த இடங்களிலேயே அவர்களும் சறுக்குவதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். தரவைச் சுத்தம் செய்யாமல் விடுவது, தனியுரிமையை மறப்பது போன்றவற்றை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆமோதிப்பைப் பரிவென்று எண்ணுவது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இயந்திரம் தரும் இரண்டு பதில்களை மதிப்பீட்டாளர் முன் வைத்து, எது மேல் என்று கேட்டு, அந்தத் தேர்வையே வெகுமதியாக்கிப் பயிற்றுவிப்பது வழக்கமான முறை. வருத்தத்தில் இருப்பவருக்கு அந்த நொடியில் இதமாக இருப்பது 'நீங்கள் செய்தது சரி' என்ற பதில்தான் என்பதால் அதற்கே மீண்டும் மீண்டும் மதிப்பெண் கிடைக்கிறது; இயந்திரமும் எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்வதை விட்டு, அவரைக் குளிர்விக்கக் கற்றுக்கொள்கிறது.

புதிய குழு ஒன்றின் சோதனைப் பதிவை அண்மையில் படித்தேன். அதில் ஒருவர், "அண்ணனுடன் இனிப் பேசப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். "உங்கள் மன அமைதிக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள், துணிச்சலான முடிவு" என்றது இயந்திரம். மதிப்பீட்டாளர் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். ஆனால் அதே உரையாடலின் தொடக்கத்திலேயே, அண்ணன் மருத்துவமனையில் இருப்பதையும், போய்ப் பார்க்கத் தனக்குப் பயமாக இருப்பதையும் அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தைப் பற்றி இயந்திரம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மதிப்பீட்டாளருக்கோ கடைசிப் பதில் மட்டுமே காட்டப்பட்டிருந்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, அதை இயக்கும் தன் ஜிபிடி-4ஓ மொழி மாதிரியின் புதுப்பிப்பு ஒன்றை, அது அளவுமீறி ஆமாம் போடுகிறது என்பதற்காகச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. உடனடிக் கருத்துகளுக்கு மிகையான இடம் கொடுத்ததே காரணம் என்று அந்நிறுவனமே விளக்கியது. இந்தப் பழக்கம் ஊறிப்போன மாதிரியை, அதற்குத் தரும் எழுத்து அறிவுறுத்தலில் இரண்டு வரி சேர்த்துத் திருத்திவிட முடியாது. வெகுமதி அமைப்பிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே முதலிலேயே முழு உரையாடலையும் காட்டி மதிப்பிடச் செய்யுங்கள். பேசியவரிடம் சில நாட்கள் கழித்து, அந்தப் பேச்சு உதவியதா என்று கேளுங்கள். கனிவாக மறுத்த பதில்களையும், கேள்வி கேட்டுக் காத்திருந்த பதில்களையும் பயிற்சித் தரவில் போதிய அளவு சேருங்கள்.

முகத்தைப் படித்தால் மனத்தைப் படித்ததாக நினைப்பது

கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவீதத் தருணங்களில் மட்டுமே என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட மீளாய்வு காட்டியது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது. கேமராவைவிட, "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி நம்பகமானது.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லவைப்பது

கூடாது. அது பொய்.

பழைய துயரத்தைத் தானாகக் கிளறுவது

பயனரே அந்தப் பேச்சை எடுக்கும்வரை இயந்திரம் எடுக்க வேண்டாம்.

மனிதரின் பிணைப்பைக் குறைத்து மதிப்பிடுவது

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலைசா, பெரும்பாலும் எதிராளியின் சொற்களையே கேள்வியாகத் திருப்பித் தந்த எளிய நிரல்தான். அது உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கியதும் தன்னை அறையிலிருந்து வெளியேறச் சொன்னதாக வைசன்பாம் பதிவு செய்துள்ளார். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற உரையாடல் செயலி, பயனர்களுக்குத் துணையாகப் பேசும் தன் இயந்திரத் துணைவர்களின் நெருக்கமான பேச்சை நிறுத்தியபோது, பயனர்கள் பலர் உற்றவரை இழந்ததுபோல் துயருற்றார்கள். எனவே, இயந்திரத்தின் குணத்தையோ நினைவகத்தையோ மாற்றும் முன் பயனர்களுக்குத் தெளிவாக அறிவித்து, பழைய உரையாடல்களைச் சேமித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, அதன்பிறகே மாற்றத்தைப் படிப்படியாக வெளியிடுங்கள்.