ஓடையைப் புதைக்காதீர்கள்: தோட்டத்துக் கோல்ஃப் திடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி உருவாகிவரும் ஒன்பது குழித் திடல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் சிமெண்டுக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் குழாய்களை இறக்கினேன். புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, உரம் எப்போது போடுவது என்பதையெல்லாம் வேலையே கற்றுக்கொடுத்துவிடும். கீழே சொல்பவற்றை அது கற்றுக்கொடுப்பதற்குள் பணமும் மண்ணும் போய்விடும்.

ஓடையைக் குழாய்க்குள் அடைப்பது

நான் வேலை பார்த்த திடலில் ஆறாவது குழிக்குப் போகும் ஆட்டப்பாதையின் குறுக்கே ஒரு சிற்றோடை போனது. வெயில் காலத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஃபேர்வே எனப்படும் அந்தப் புல்பாதை சமமாக இருக்க வேண்டும் என்றது நிர்வாகம். நானும் ஒப்புக்கொண்டேன். ஓடையை 600 மில்லிமீட்டர் குழாய்க்குள் விட்டு, மேட்டிலிருந்து வெட்டிய செம்மண்ணை மேலே கொட்டி நிரப்பினோம். அந்நாளில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டி ஒருவர், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நடந்து வந்து சொன்னார்: "தம்பி, மழைக்காலத்தில் பால் வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் இந்தப் பள்ளத்தைக் கடப்போம். தண்ணீர் இடுப்புக்கு வரும்." கேட்டுக்கொண்டேன். வரைபடத்தை மாற்றவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஆண்டு மேட்டுத் தோட்டத்தில் மறுநடவு தொடங்கியது. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைப்பார்கள். மண்ணைக் காக்க விதைக்கும் மூடுபயிர் படரும்வரை சரிவு முழுவதும் வெறும் மண். அந்த நவம்பரில் ஒரு பிற்பகல் இடிமழை கொட்டியது. சேறும் மட்டையும் குழாயின் வாயை அடைத்தன. தண்ணீர் தன் பழைய தடத்திலேயே, ஃபேர்வேயின் மேலாகப் பாய்ந்து, நிரப்பிய செம்மண்ணைக் கரைத்து, பந்தை உருட்டிக் குழியில் விடும் இடமான கிரீனில் கொண்டுபோய்க் கொட்டியது.

கிரீன் வெறும் புல்தரை அல்ல. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, அடியில் 100 மில்லிமீட்டர் சரளை, அதன்மேல் 300 மில்லிமீட்டர் மணல் கலவை. அந்த மணலுக்குள் சேறு இறங்கிவிட்டால் நீர் வடியாது. கழுவ வழியில்லை, தோண்டி எடுக்கத்தான் வேண்டும். எடுத்தோம். ஏழு மாதம் அந்தக் குழியில் ஆட்டம் இல்லை. ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு: ஓடையின் கீழ்ப்புறத்தில் லயத்துப் பிள்ளைகள் மீன் பிடித்த மடு முழுவதும் செம்மண் படிந்து தூர்ந்துபோனது.

ஓடை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதைத் தாண்டி அடிப்பதும் ஆட்டம்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் முதல் கிரீனுக்கு முன்னால் ஸ்வில்கன் ஓடை இன்றும் திறந்தபடியே ஓடுகிறது. நம் நாட்டில், 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் 5 மீட்டர் ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. நான் 10 மீட்டர் விடுகிறேன். அதற்குள் வெட்டும் இயந்திரமும் போகாது, உரமும் விழாது. குழாய் போட்டே ஆக வேண்டிய இடமென்றால், மேலே மறுநடவு எந்த ஆண்டு என்று தோட்ட நிர்வாகியிடம் கேளுங்கள். வெறும் சரிவிலிருந்து இறங்கும் நீருக்குக் கணக்குப் போடுங்கள்.

எங்கும் ஒரே புல்

பெர்முடா புல்லுக்கு நிழல் ஆகாது. அதை மரத்தடியில் நட்டுவிட்டு, வளரவில்லை என்று மரத்தை வெட்டுகிறார்கள். அங்கே கௌ கிராஸ் என்ற புல்லை வையுங்கள். நிழலைத் தாங்கும்.

எலிக்கு விஷம்

வேண்டாம். செம்பனைக் காட்டில் செய்வதுபோலக் எலி தின்னும் கூகைக்குக் கூடு வையுங்கள்.

லயத்தில் கேட்காமல் முளை அடிப்பது

அந்தப் புதுத் திடலின் இளம் மேற்பார்வையாளரிடம் பாட்டி சொன்னதைச் சொன்னேன். அவர் லயத்துப் பக்கமே போனதில்லை. மறுநாள் காலை இருவரும் போனோம். ஒரு முதியவர் எங்களோடு பள்ளத்துக்கு வந்து, வெள்ளம் ஏறும் இடத்தைக் குச்சியால் காட்டினார். மூன்றாம் கிரீனுக்கு இடம் குறித்து அடித்திருந்த முளைகள் எல்லாமே அதற்குக் கீழே இருந்தன. அந்த இளைஞர் அங்கேயே குனிந்து முதல் முளையைப் பிடுங்கினார்.