மாஸ்ஃபெட்டை ஹீட்சிங்கில் மாட்டுவது எப்படி: பீன்யாப் பட்டறைப் பாடம்

பெங்களூரு பீன்யாவில் சின்னப் பட்டறை எங்களுடையது. பேட்டரி சார்ஜர் செய்கிறோம். வேலைக்கு வரும் பையன்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். முதல் வாரம் அவர்களுக்கு நான் சொல்லித்தருவது ஒரே வேலைதான்: மாஸ்ஃபெட்டை (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச் பாகம்) ஹீட்சிங்கில் (அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் துண்டு) ஒழுங்காக மாட்டுவது.

ஒரு கோடையில் சென்னைக்குப் போன சார்ஜர்களில் பதினொன்று திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் மாஸ்ஃபெட் போயிருந்தது. ஹீட்சிங்க் போதவில்லை என்று நினைத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடில் பெரியதாகத் தேடப் போனேன். திரும்பி வந்து ஒன்றைக் கழற்றிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஹீட்சிங்கில் ஸ்க்ரூ போடும் துளையைச் சுற்றிப் பிசிறு, அதன் மேல் இட்லிமாவு மாதிரி அப்பிய வெப்பம் கடத்தும் பேஸ்ட்.

எனவே முதலில் துளையைக் கவனியுங்கள். ட்ரில் போட்டதும் பெரிய பிட் ஒன்றைக் கையால் சுற்றிப் பிசிறை எடுங்கள். நுண்ணிய எமரி பேப்பரைக் கண்ணாடி மேல் விரித்து ஹீட்சிங்கின் முகத்தைத் தேய்த்து, ஐபிஏ (சுத்தம் செய்யும் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடையுங்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்கள் உண்மையில் மேட்டுப் புள்ளிகளில்தான் தொடுகின்றன. மற்ற இடமெல்லாம் காற்று. அலுமினியம் காற்றைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும்.

அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். சாதாரண வெள்ளை பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், ஆனால் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கம்பளிதான். மிளகளவு வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்து, கீழே உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு விடுங்கள். மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) போட்டால் இரண்டு பக்கமும் அதே மாதிரி. ஸ்க்ரூவுக்கு இன்சுலேட்டிங் புஷ் (ஸ்க்ரூ வழியாக மின்சாரம் போகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் வளையம்) மறக்கக்கூடாது. இறுக்கியதும் மாஸ்ஃபெட் முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், பீப் வரக்கூடாது. ரொம்ப இறுக்கினாலும் கெடுதல்: ஸ்க்ரூ பக்கம் அழுந்தி, சிலிக்கான் இருக்கும் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். முடிந்தால் மாஸ்ஃபெட்டின் உடம்பை அழுத்தும் கிளிப் வாங்குங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கணக்கு சுலபம். 1822-ல் ஃபூரியே வகுத்த கடத்தல் விதியின் சாயலில்தான் 1827-ல் ஓம் தன் விதியைச் சொன்னார். அதனால் வெப்பம் போகும் வழியிலுள்ள தடைகளையும் ரெசிஸ்டர்களைத் தொடராகக் கூட்டுவது போலவே கூட்டலாம். எங்கள் மாஸ்ஃபெட்டில் சூடாக விரயமாவது 15 வாட். உள்ளிருந்து முதுகுக்கு ஒரு வாட்டுக்கு 1 டிகிரி, ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்கு 3. இடையிலுள்ள இணைப்பு நன்றாக இருந்தால் 0.5, மோசமாக இருந்தால் 1.5. சென்னையில் பெட்டிக்குள் 45 டிகிரி என்று வையுங்கள். நல்ல இணைப்பில் உள்ளே 112.5 வரும், மோசமானதில் 127.5. ஹீட்சிங்க் அதேதான், 15 டிகிரி வித்தியாசம்!

ஹீட்சிங்கின் துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும், சூடான காற்று மேலே ஏற வழி வேண்டும். படுக்கப் போட்டால் காற்று நடுவில் தேங்கும்.

அப்புறம் அளப்பது. பளபளக்கும் அலுமினியத்தை ஐஆர் கன்னால் (தொடாமலே வெப்பநிலை காட்டும் கருவி) நேராக அளக்காதீர்கள். அது வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும், அதனால் கன் குறைத்துக் காட்டும். எங்கள் பையன் ஒருவன் 41 என்று எழுதிக்கொண்டு வந்தான், விரல் வைத்தால் சுட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது சூடேறியதும் அதன் மேல் அளங்கள். முழு லோடில் ஓடவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். மூன்று முறை ஒரே எண் வந்தால்தான் அது கணக்கில் சேரும். பீன்யாவில் 30 டிகிரி அறையில் ஹீட்சிங்க் 75 காட்டினால் ஏற்றம் 45, சென்னைப் பெட்டிக்குள் இருக்கும் 45-ஐச் சேர்த்து 90 என்று ஜாப் கார்டில் எழுதுங்கள்.