ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் படைவீரர் மேல்முறையீடு செய்வது எப்படி?

இராணுவத்தில் பதினேழு, இருபது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெறும் ஒருவர் கடைசியாக மருத்துவ வாரியத்தின் முன் நிற்கும்போது, அவருக்கு இருக்கும் நோயும் அதனால் ஏற்பட்ட ஊனத்தின் விழுக்காடும் பதிவாகின்றன. பிறகு படைவீரரின் பணிப்பதிவுகளைப் பராமரிக்கும் ரெக்கார்டு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், அந்த நோய் படைப்பணியால் விளைந்ததும் அன்று, பணியால் மோசமடைந்ததும் அன்று என்று கூறி ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிடுகிறது. படைவீரர்கள் இதை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். கடிதம் வந்ததும் பலர் பணிக்காலத்தில் பட்ட பாடுகளையெல்லாம் எழுதிக் கருணை கேட்டு மனு அனுப்புகிறார்கள். அதனால் பெரும்பாலும் பயனில்லை. மருத்துவ வாரியம் எழுதிய காரணம் நிற்குமா, நிற்காதா என்பதில்தான் மேல்முறையீட்டின் முடிவு தங்கியிருக்கிறது.

ஆகவே முதலில் கையில் வேண்டியது அந்தக் காரணம் எழுதப்பட்ட தாள். நிராகரிப்புக் கடிதத்தில் பெரும்பாலும் முடிவு மட்டுமே இருக்கும், காரணம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற மருத்துவ வாரியப் படிவத்தில் இருக்கும். அதன் நகல் உங்களிடம் இல்லையென்றால், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ரெக்கார்டு அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனையின் நகலையும் அதே விண்ணப்பத்தில் கேட்பது நல்லது.

படிவத்தில் நோயின் பெயருக்கு எதிரே, பணியால் விளைந்ததா, மோசமடைந்ததா என்ற கேள்விகளுக்கு 'இல்லை' என்ற பதிலும் அதற்கான காரணமும் எழுதப்பட்டிருக்கும். உயர் இரத்த அழுத்தமாக இருந்தால், 'நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில் (எல்லை, போர்முனை அல்லாத இடத்தில்) பணிபுரிந்தபோது' என்ற ஒற்றை வரியோடு வாரியம் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒற்றை வரிதான் உங்கள் மேல்முறையீட்டின் குறி. அமைதிப் பகுதியிலும் இராணுவப் பணிக்கே உரிய அழுத்தம் உண்டு என்று கூறி, இவ்வகைக் காரணத்தை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பலமுறை ஏற்க மறுத்திருக்கிறது.

இதற்கு அடித்தளமாக இருப்பது, தர்மவீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அளித்த தீர்ப்பு. 1985-இல் படையில் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனம் என்று கூறப்பட்டு 1994-இல் வெளியேற்றப்பட்டார். சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லையென்றால் அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். ஐயத்தின் பலன் படைவீரருக்கே உரியது. சேர்க்கும்போது நோயைக் கண்டறிந்திருக்க முடியாது என்று வாரியம் கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதே நிலைப்பாடு உறுதியானது. ஆனால் இத்தீர்ப்பு 1982-ஆம் ஆண்டு விதிகளை வைத்து எழுந்தது என்பதை மறக்கக்கூடாது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்குப் பின் ஓய்வுபெற்றவர் பழைய மனு ஒன்றை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் வழக்கு வலுவிழக்கும்.

மனுவை ஆங்கிலத்தில் எழுதினாலும் அதன் சாரம் இப்படி இருக்கட்டும்: 'நான் பணியில் சேர்ந்தபோது எனக்கு இந்நோய் இருந்ததாகப் பதிவு இல்லை. இன்ன ஆண்டில், இன்ன இடத்தில் பணிபுரிந்தபோது முதன்முதலில் கண்டறியப்பட்டது. படிவத்தின் இன்ன பத்தியில் வாரியம் கூறும் காரணம், நோய் பணியோடு தொடர்பற்றது என்பதை விளக்கவில்லை.' இதற்கு இரண்டு பக்கங்கள் போதும். நிராகரிப்புக் கடிதம், மருத்துவப் படிவம், டிஸ்சார்ஜ் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

முதல் மேல்முறையீட்டை ஆறு மாதங்களுக்குள் ரெக்கார்டு அலுவலகத்தின் வழியாக அனுப்ப வேண்டும். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்குச் செல்லலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்; ஆறு மாதங்கள் கடந்தும் முடிவு வராவிட்டால், அந்த ரசீதே தீர்ப்பாயத்தின் கதவைத் திறக்கும் சான்றாகிறது. மனு எழுத உதவி தேவைப்பட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஓர் அமர்வு உண்டு. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனு தாக்கல் செய்யலாம். இறுதி ஆணை வந்த ஆறு மாதங்களுக்குள் செல்ல வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் பொறுத்துக்கொள்ளலாம். அப்படிப் பொறுத்துக்கொண்டாலும் பணம் போய்விடும்: தார்செம் சிங் வழக்கின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பின்பற்றி, மனு தாக்கல் செய்வதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே நிலுவை வழங்குவது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது.

மனுவின் வேண்டுகோளில் விழுக்காட்டை உயர்த்திக் கணக்கிடுவதையும் தவறாமல் கேளுங்கள். ஊனம் 50-க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கொள்ளப்படும். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலத்தை முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இச்சலுகை உண்டு என்றது. முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பதே அடிப்படைக் கணக்கு. ஊதியம் 40,000 ரூபாய், ஊனம் 30 விழுக்காடு என்றால் மாதம் 3,600 ரூபாய். 50 ஆக உயர்த்தினால் 6,000 ரூபாய். ஆனால் பணிக்காலத்தை முடித்து ஓய்வுபெற்றவரின் ஊனம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. உடல்நிலை காரணமாக இடையில் வெளியேற்றப்பட்டவருக்குச் சாதகமான சுக்விந்தர் சிங் தீர்ப்பை இவர் காட்டிப் பயனில்லை.

தீர்ப்பு வந்ததும் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். எத்தனை விழுக்காடு, எந்த நாளிலிருந்து, வாழ்நாள் முழுவதற்குமா, எத்தனை மாதங்களுக்குள் வழங்க வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டா என்பவை அங்கேதான் இருக்கும். தோற்றிருந்தால், 2023 மார்ச்சில் வந்த பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்புக்குப் பின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வழி இருக்கிறது. வென்றிருந்தால், ஆணையின் சான்றிட்ட நகலை ரெக்கார்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத்துறை ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்கைக் கவனித்துவாருங்கள். கெடு கடந்தும் தொகை வரவில்லையென்றால் அதே அமர்வில் நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள்.