சுண்டைக்காய் கால் பணம்: வாய்ஸ் கேட்வேயில் பேண்ட்வித்தை மிச்சம் பிடிப்பது எப்படி?

எங்கள் கிடங்கு உடுமலைப்பேட்டைக்கு வெளியே இருக்கிறது, தலைமை அலுவலகம் கோவையில். நடுவில் 1 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த லைன்), அதன் மேல் ஐபிசெக் விபிஎன் (இரு இடங்களுக்கு நடுவே தகவலைப் பூட்டிக் கொண்டுபோகும் வழி). பில்லிங், கேமரா, போன் எல்லாமே அந்த ஒரே குழாயில்தான். காலை பதினொரு மணிக்கு லாரி வந்ததும் கிடங்கில் ஏழெட்டு பேர் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். உடனே கோவையிலிருந்து புகார் வரும்: "என்னங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, பாதிப் பேச்சைக் காணோம்." கிடங்குக்காரர்களுக்கோ கோவைப் பேச்சு தெளிவாகவே கேட்கும். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு மத்தியானம் போதும்.

விபிஎன் ஓடுகிறது, வாய்ஸ் கேட்வேக்கு (சாதாரண போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) நிலையான ஐபி கொடுத்தாயிற்று, தலைமை அலுவலகத்தில் ஆஸ்டிரிஸ்க் பிபிஎக்ஸ் (மென்பொருளில் ஓடும் போன் எக்ஸ்சேஞ்ச்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கேட்வேயில் சாதாரண போன் சொருகும் எஃப்எக்ஸ்எஸ் போர்ட் எட்டு, லேண்ட்லைன் சொருகும் எஃப்எக்ஸ்ஓ போர்ட் இரண்டு.

படி 1: எண்களைப் பிரியுங்கள்

கிடங்குக்கு 2-இல் தொடங்கும் மூன்று இலக்கம், கோவைக்கு 3-இல் தொடங்கும் மூன்று இலக்கம். டயல் பிளானில் (எந்த எண் எந்த வழி என்ற விதிப் பட்டியல்) முதலில் 3 வந்தால் விபிஎன் வழி, 0 வந்தால் அதை வெட்டிவிட்டு மீதியை எஃப்எக்ஸ்ஓ போர்ட் வழி. அவ்வளவுதான்.

1-இல் தொடங்கும் உள் எண்களை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். 100, 101, 108, 112 எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன. நான் முதலில் கோவைக்கு 1-வரிசையைக் கொடுத்திருந்தேன். ஒருநாள் சோதனைக்காக 108 அழுத்திப் பார்த்தால், கோவையில் அக்கவுண்ட்ஸ் மேசை போன் அடித்தது. அன்றே எல்லா எண்களையும் மாற்றினேன். அவசர எண்களுக்குத் தனி விதி எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, உள்ளூர் லேண்ட்லைனுக்கே அனுப்புங்கள்.

வெளி அழைப்பை விபிஎன் வழியாக வேறு ஊருக்குக் கொண்டுபோய் அங்குள்ள லேண்ட்லைனில் இறக்கினால் எஸ்டிடி காசு மிச்சம் என்று பழைய கையேடுகளில் இருக்கும். அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் இதற்குக் கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. போதாததற்கு, இப்போது எஸ்டிடிக்கென்று தனியாக யார் காசு கொடுக்கிறார்கள்?

படி 2: கோடெக்

கோடெக் என்பது பேச்சை எண்களாக்கி அனுப்பும் முறை. அதன் பட்டியலில் இரண்டு பக்கமும் ஜி.729-ஐ முதலில் வையுங்கள். ஜி.711 ஒரு பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் எடுக்கும், ஜி.729-க்கு 8 போதும். இதன் காப்புரிமை 2017-இல் முடிந்துவிட்டதால் சேனலுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய கவலையும் இல்லை.

படி 3: நான் சறுக்கிய இடம்

எட்டு பேர் பேசினால் எட்டெட்டு அறுபத்துநாலு கேபிபிஎஸ்தானே என்று மாற்றிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து ரூட்டரைப் பார்த்தால், ஒரே ஒரு பேச்சு 48 கேபிபிஎஸ் தின்றுகொண்டிருந்தது.

கணக்கு இதுதான். பேச்சு துண்டு துண்டாகப் பாக்கெட்டில் போகும், 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் கிளம்பும். அதில் உண்மையான பேச்சு 20 பைட். அதைச் சுமக்க ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் (முகவரி, வரிசை எண் போன்ற விவரங்கள்) மூன்றும் சேர்ந்து 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! இந்த 60 பைட்டை விபிஎன் இன்னொரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறது. பூட்டும் முறையாக ஏஇஎஸ்-சிபிசி, சரிபார்க்கும் முறையாக எஸ்எச்ஏ-1 போட்டிருந்தால் மொத்தம் 120 பைட். நொடிக்கு ஐம்பது பாக்கெட் என்றால் 48 கேபிபிஎஸ்.

ஆகவே பேச்சை இன்னும் நசுக்குவதில் லாபமில்லை, பாக்கெட் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு பாக்கெட்டில் 40 மில்லிசெகண்ட் பேச்சை வைத்தால் நொடிக்கு இருபத்தைந்து பாக்கெட் போதும். பாக்கெட் 152 பைட்டாக வளர்ந்தாலும், மொத்தத்தில் ஒரு பேச்சு 30.4 கேபிபிஎஸ்ஸில் முடிந்துவிடும்.

இந்த அமைப்புக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: பீடைம், பாக்கெட்டைசேஷன், ஃப்ரேம்ஸ் பெர் பாக்கெட். என் கேட்வேயில் 'வாய்ஸ் ஃப்ரேம்ஸ் பெர் டிஎக்ஸ்' என்று இருந்தது, மதிப்பு 2. ஜி.729-இன் ஒரு ஃப்ரேம் 10 மில்லிசெகண்ட் என்பதால் 40-க்கு அதை 4 ஆக்க வேண்டும். நான் 40 என்றே அடித்துவிட்டு, ஏன் சேவ் ஆகவில்லை என்று அரைமணி நேரம் முழித்தேன்.

அப்புறமும் எதிர்பார்த்ததில் பாதிதான் குறைந்தது. வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஒரு நிமிடப் பேச்சைப் பிடித்து ஆர்டிபி ஸ்ட்ரீம் பட்டியலைத் திறந்தேன். கிடங்கிலிருந்து போனது சுமார் 1,500 பாக்கெட், கோவையிலிருந்து வந்தது சுமார் 3,000. அப்போதுதான் உறைத்தது: கேட்வேயில் மாற்றினால் அது அனுப்புவது மட்டும்தான் மாறும். கோவை ஆஸ்டிரிஸ்க்கில் கோடெக் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 40 என்று சேர்த்ததும் இரண்டு பக்கமும் சமமானது. உங்கள் இடத்திலும் பாக்கெட்டை எண்ணிப் பாருங்கள், செட்டிங் பக்கம் சொல்வதை நம்பாதீர்கள்.

60-க்குப் போகாதீர்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு சொல்லின் பாதி போய்விடும், தாமதமும் கூடும்.

படி 4: சைலன்ஸ் சப்ரஷன்

பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதி. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். கிடங்கில் லாரி இரைச்சலும் ஃபேன் சத்தமும் ஓயாததால் அதற்கு மௌனம் என்று எதுவுமே அகப்படாது. அகப்படும்போதோ 'வேண்டாம்' என்பதில் 'வே' போய் 'ண்டாம்' கேட்கும்.

ஆர்டிபி தலைப்பைச் சுருக்கும் சிஆர்டிபி பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். இரு ரூட்டர்களுக்கு நடுவே நேரடியாக ஓடும் லைனுக்கு அது அருமை. விபிஎன் பூட்டிய பாக்கெட்டில் அதற்கு வேலையில்லை. இரண்டு முனையிலும் ஆஸ்டிரிஸ்க் இருந்தால் ஐஏஎக்ஸ்2 டிரங்க் (ஆஸ்டிரிஸ்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழி) போடுங்கள், பல பேச்சுகள் ஒரே பாக்கெட்டில் போகும்.

படி 5: யார் முதலில் போவது?

விட்டு விட்டுக் கேட்டதற்கு முக்கியக் காரணம் கேமரா. அது மேலே அனுப்பும் வீடியோ கிடங்கின் அப்லோடை அடைத்துவிடும். அதனால்தான் கோவையில் கேட்பவர்களுக்கு மட்டும் தொல்லை.

ரூட்டரில் மொத்த அப்லோடை 900 கேபிபிஎஸ்ஸாகக் கட்டுங்கள். லைன் முழுவதையும் விட்டுவைத்தால் வரிசை இணைய நிறுவனத்தின் பெட்டியில் சேரும், அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. நூறைத் தியாகம் செய்தால் வரிசை உங்கள் கைக்குள் இருக்கும். அப்புறம் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரையுள்ள பேச்சுப் பாக்கெட் முதலில், பில்லிங் அடுத்து, கேமரா கடைசி. இதற்கு எனக்குப் பிடித்தது மைக்ரோடிக் ரூட்டர். விலை குறைவு, வரிசையில் என்ன நிற்கிறது என்பது கண்முன்னே தெரியும்.

படி 6: விபிஎன் விழுந்தால்

3-வரிசை அழைப்பு போகாவிட்டால் எஃப்எக்ஸ்ஓ வழியாகக் கோவை லேண்ட்லைனைக் கூப்பிட இரண்டாவது வழி எழுதுங்கள். கூடவே சிப் (அழைப்பை இணைக்கும் நெறிமுறை, எஸ்ஐபி) ஆப்ஷன்ஸ் சோதனையையும் இயக்குங்கள், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அது அவ்வப்போது கேட்டுப் பார்க்கும். இல்லையென்றால் பதில் வராது என்று முடிவுகட்ட சிப் 32 விநாடி எடுத்துக்கொள்ளும். அதுவரை யார் காதில் வைத்துக் காத்திருப்பார்கள்?

பிற்சேர்க்கை: ஜி.729-க்கு மாறியதும் வங்கி எண்ணைக் கூப்பிட்டு '1 அழுத்தவும்' என்றால் எடுக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். டிடிஎம்எஃப் (பொத்தான் ஒலி) முறை 'இன்பேண்ட்' (பேச்சோடு சேர்த்தே அனுப்புவது) என்று இருக்கும், அதை ஆர்எஃப்சி 2833 ஆக்குங்கள். பொத்தான் ஒலி நசுங்காமல் தனித் தகவலாகப் போகும்.

பிற்சேர்க்கை 2: ஃபேக்ஸ் இன்னும் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் டி.38 (ஃபேக்ஸை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) போடுங்கள், மறுமுனையும் அதற்கு ஒத்துவர வேண்டும். என்னிடம் வராததால் அந்த இயந்திரத்தை நேரே லேண்ட்லைனில் சொருகிவிட்டேன்.